கோடையும் நீரிழிவுள்ள முதியோரின் நடைப்பயிற்சியும்

உழவருக்கு வயல் வேலையே தேகப்பயிற்சி. ஆயினும் தாளடி அறுவடை முடிந்தபின், மேட்டூர் அணை திறக்கும் வரையில், ஆழ்குழாய்க் கிணறு இல்லாத நிலங்களில் வேலை குறைவு. தாராசுரத்துப் பட்டு நெசவாளரோ ஆண்டு முழுவதும் தறியில் அமர்ந்தே உழைப்பவர். நீரிழிவு கண்ட முதியோர் வாரத்தில் 150 நிமிடமேனும் நடப்பது நலம் என்பர் மருத்துவர். கோடையில் இதனை எவ்வாறு கைக்கொள்வது?

நெடுநாள் நீரிழிவு நரம்புகளைத் தாக்குகின்றது. அதனால் வியர்வை குறைந்து, உடற்சூடு தணிவதில்லை. சர்க்கரை மிகுந்தால் சிறுநீர் மிகுதியாகக் கழிந்து, உடலில் நீர் வற்றுகின்றது. முதுமையில் தாகமும் எளிதில் தோன்றாது. மேலும், வெப்பத்தில் இன்சுலின் விரைந்து இரத்தத்தில் கலப்பதால் சர்க்கரை திடீரெனத் தாழலாம்.

ஆகவே, காலை 7 மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளுதல் வேண்டும். தாகம் எடுக்காவிடினும் நீர் அருந்துக. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், இன்சுலினை நனையாவண்ணம் உறையிலிட்டு, ஈரமணலில் பதித்த மண்பானையில் வைக்கலாம்.

பாதங்களைப் பற்றிச் சிறப்பாகக் கூறவேண்டும். நண்பகலில் ஐராவதேசுவரர் கோயிலின் கல்தளத்தில் கால் வைப்பவர் சூடு தாளாது நிழலுக்கு ஓடுவர். உணர்ச்சி மரத்த காலோ சூட்டை அறியாது. கொப்புளம் கண்ட பின்னரே தெரியும். அது புண்ணாகிப் புரையோடினால் விரலையே இழக்க நேரிடும். ஆதலால் வழிபாட்டிற்குக் காலையிலோ அந்தியிலோ செல்க. பிற இடங்களில் செருப்பின்றி நடவாதீர். இரவில் பாதங்களைப் பார்வையிடுக.

மயக்கம், நடுக்கம், வியர்வை ஆகியவை வெப்பத்தாலும் வரும்; சர்க்கரை தாழ்ந்தாலும் வரும். உடனே நிழலில் அமர்க. சோதனையில் 70 மில்லிகிராமுக்குக் குறைந்தாலும், சோதிக்க வழியில்லாவிடினும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுக. 15 நிமிடத்தில் தெளியாவிடின் மீண்டும் பருகுக. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, 108-ஐ அழையுங்கள். உடல் கொதித்தால், வண்டி வரும்வரை ஈரத்துணியால் துடைத்து விசிறுக.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு மாத்திரைகள் இல்லந்தேடி வருகின்றன. நடைக்கு ஏற்ற நிழலை அமைப்பதோ ஊராரின் கடமை. குளக்கரையில் மரமும், இடையிடையே இருக்கையும், குடிநீரும் அமைக்கும் ஊராட்சி, தன் முதியோரின் ஆயுளைக் காத்ததாகும்.