வயிற்றில் அமிலம் குறைந்தால் பேதி வருமா?

சாப்பாட்டோடும் தண்ணீரோடும் தினமும் எத்தனையோ கிருமிகள் நமக்குள் போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை குடலை எட்டுவதே இல்லை. இரைப்பை அமிலம் வழியிலேயே கொன்றுவிடுகிறது. அந்த அமிலத்தையும் தாக்குப்பிடித்து இரைப்பையிலேயே குடியிருக்கிறது ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. பெரும்பாலும் சிறுவயதில் தொற்றும் இது, மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். அல்சரும் இரைப்பைப் புற்றுநோயும் இதனால் வரலாம் என்பது பலருக்குத் தெரியும். பேதிக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

அமிலம் என்னும் காவல்

தன்னார்வலர்களுக்குக் காலராக் கிருமியைக் கொடுத்து அமெரிக்காவில் முன்பு ஆய்வுகள் நடந்தன. அமிலம் இயல்பாக இருந்தவர்களுக்கு நோய் வர, கோடிக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன. சோடியம் பைகார்பனேட்டால் அமிலத்தை முறித்த பிறகோ, பத்து லட்சம் கிருமிகளே பெரும்பாலோருக்குப் பேதியை உண்டாக்கின.

பைலோரி இந்தக் காவலைத் தளர்த்தக்கூடியது. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொள்வது அதன் தற்காப்பு. அது பக்கத்து இடத்துக்கு மட்டும்தான். உண்மையான இழப்பு அழற்சியால் வருகிறது. அமிலம் சுரக்கும் நடுப்பகுதியில் அழற்சி நீடித்தால், அங்குள்ள சுரப்பிகள் மெல்ல அழிகின்றன. புதிதாகத் தொற்றும்போதும் சில வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில், அமிலம் சரிந்துவிடும். 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இக்கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். சில நாட்களில் வாந்தி வந்தது. அதில் அமிலமே இல்லை.

ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன

வங்கதேசத்தில் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெறாதவர்களிடையே பைலோரி இருந்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான காலரா வரும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. டெல்லியில் டைபாய்டுக்கும் இதே போன்ற தொடர்பு காணப்பட்டது. பெருவில் புதிதாகத் தொற்றிய குழந்தைகளுக்கு அதன்பின் வயிற்றுப்போக்கு அதிகமானது. சத்துக்குறைவான குழந்தைக்கு இது பெரிய அடி. ஒவ்வொரு பேதியும் எடையைக் குறைக்கிறது. எடை குறையக் குறைய அடுத்த பேதி எளிதாகப் பிடிக்கிறது.

ஆனால் ஜெர்மனியில் பைலோரி இருந்த குழந்தைகளுக்குப் பேதி குறைவாகவே இருந்தது. இஸ்ரேல் ராணுவ வீரர்களில் பைலோரி இருந்தவர்களிடமும் ஷிகெல்லா கிருமியால் வரும் பேதி குறைவாகக் காணப்பட்டது. இது முரண் போலத் தோன்றலாம். அழற்சி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தால் அமிலம் குறையாது, கூடத்தான் செய்யும். உடலின் எதிர்ப்புச் சக்தி தொடர்ந்து விழித்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே பைலோரி இருந்தாலே பேதி வரும் என்று சொல்வது தவறு. எந்தப் பகுதியில், எந்த வயதில், எவ்வளவு காலமாக என்பதைப் பொறுத்தது அது.

கேஸ் மாத்திரையும் கவனமும்

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளும் அமிலத்தைக் குறைப்பவையே. நீண்டகாலம் எடுப்பவர்களுக்குச் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற குடல் தொற்றுகள் கூடுதலாக வருகின்றன. மருத்துவர் எழுதித் தந்ததைத் தானாக நிறுத்தக் கூடாது. கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

யாருக்குச் சோதனை?

பேதி வந்த எல்லோருக்கும் பைலோரி சோதனை வேண்டாம். அல்சர் இருப்பவர்கள், நெடுநாள் அஜீரணத்தால் அவதிப்படுபவர்கள், குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள் மருத்துவரிடம் கேட்கலாம். மூச்சுச் சோதனை, மலச் சோதனை இரண்டும் நம்பகமானவை. ரத்தத்தில் எதிரணுக்களைப் பார்க்கும் சோதனையோ, ஆறிப்போன பழைய தொற்றையும் இருப்பதாகக் காட்டிவிடும். கேஸ் மாத்திரையை 2 வாரம், ஆன்டிபயாடிக்கை 4 வாரம் முன்பே நிறுத்தியிருந்தால்தான் மூச்சு, மலச் சோதனைகளின் முடிவு சரியாக வரும். நிறுத்துவதையும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள். தொற்று உறுதியானால் சில மருந்துகளைச் சேர்த்து வழக்கமாக 14 நாள் தருவார்கள். அந்த நாட்களில் வயிறு கொஞ்சம் இளகலாம். அதற்காகப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடலாம்.