எர்ரர் 691: பாஸ்வேர்டை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைப் பயமுறுத்துவதில் இன்டர்நெட் இணைப்பின் பிழைச் செய்திகளுக்கு முதலிடம் உண்டு. நேற்று இரவு வரை நன்றாக இயங்கிய இணைப்பு இன்று காலை "எர்ரர் 691" என்று கூறி நின்றுவிடும். மகனின் தேர்வு விண்ணப்பத்திற்கு அன்றுதான் கடைசி நாளாக இருக்கும். பதற்றத்தில் பாஸ்வேர்டைப் பத்து முறை டைப் செய்து பார்ப்போம். பின் ரௌட்டரின் ரீசெட் பட்டனை அழுத்துவோம். கடைசியில் யாரோ ஒருவர் "விண்டோஸ் போய்விட்டது, பார்மட் செய்ய வேண்டும்" என்பார். சேமித்து வைத்த போட்டோக்களும் பைல்களும் அதோடு போய்விடும்.

இவற்றில் எதுவும் தேவையில்லை. திரையில் தெரியும் அந்த எண்ணே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும்.

இணைப்பின் மூன்று படிகள்

யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவும் பிபிபிஓஇ என்ற முறையில் இயங்குகின்றன. 1999-ல் வரையறுக்கப்பட்ட இந்த முறை, 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் விண்டோஸிலேயே இணைந்து வருகிறது. இதில் மூன்று படிகள் உண்டு.

முதல் படியில் உங்கள் கம்ப்யூட்டர் அல்லது ரௌட்டர், "அங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று லைனில் குரல் கொடுக்கும். இணைப்பு தரும் நிறுவனத்தின் சர்வர் பதில் தரும். இரண்டாம் படியில் சர்வர் உங்கள் யூசர் நேம், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும். மூன்றாம் படியில் உங்களுக்கு ஓர் ஐ.பி. முகவரி வழங்கப்படும். அதன் பின்னரே இணைய தளங்கள் திறக்கும்.

விண்டோஸில் இந்தப் பிழை எண்கள் 600-ல் இருந்து தொடங்குகின்றன. இவை டயல் அப் காலத்தில் இருந்தே வருபவை. அப்போது 676 என்றால் போன் லைன் பிஸி. 680 என்றால் டயல் டோன் இல்லை. இன்று நாம் அதிகம் சந்திப்பது 651, 678, 691 ஆகிய மூன்றைத்தான்.

651, 678 வந்தால்

முதல் படியே நடக்கவில்லை என்று பொருள். சர்வரிடம் இருந்து பதிலே வரவில்லை. எனவே பாஸ்வேர்டை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயன் இல்லை. கேபிள்களைப் பாருங்கள். நெட்வொர்க் கேபிளை இரு முனைகளிலும் கழற்றி, "கிளிக்" என்ற ஒலி கேட்கும்படி மீண்டும் செருகவும். பைபர் இணைப்பு என்றால் சுவரில் உள்ள பெட்டியின் விளக்குகளைக் கவனிக்கவும். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி சிக்னல் வரவில்லை. பைபர் வயர் எங்கோ அறுந்திருக்கலாம் அல்லது மடங்கியிருக்கலாம். இதை நீங்கள் சரி செய்ய முடியாது. புகார் செய்வதுதான் வழி.

691 வந்தால்

இது நல்ல செய்தி என்றே சொல்ல வேண்டும். லைன், கேபிள், மோடம் எல்லாம் சரி. சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உள்ளே விட மறுக்கிறார்கள். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

1. கேப்ஸ் லாக் ஆன் ஆகி உள்ளதா? தமிழ் கீபோர்டு தேர்வாகி உள்ளதா? பாஸ்வேர்டில் பூஜ்யத்திற்குப் பதில் ஓ என்ற எழுத்தை டைப் செய்கிறீர்களா? காப்பி செய்து ஒட்டினால் இறுதியில் ஓர் இடைவெளியும் சேர்ந்து வரலாம்.

2. யூசர் நேமை முழுமையாகக் கொடுக்கிறீர்களா? சில நிறுவனங்களில் பெயரை அடுத்து அட் குறியீடும் நிறுவனத்தின் பெயரும் வர வேண்டும்.

3. கட்டணம் செலுத்திவிட்டீர்களா? பிளானின் கடைசி நாள் முடிந்துவிட்டால் சரியான பாஸ்வேர்டுக்கும் 691 கிடைக்கலாம்.

4. கரண்ட் போய் வந்ததா? பல நிறுவனங்கள் ஓர் அக்கவுண்டில் ஒரு நேரத்தில் ஒரு லாக் இன் மட்டுமே அனுமதிக்கின்றன. இணைப்பு திடீரென அறுந்தால் பழைய லாக் இன் இன்னும் உயிருடன் இருப்பதாக சர்வர் எண்ணிக் கொள்ளும். ரௌட்டரை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கழித்து இயக்கவும்.

5. புதிய ரௌட்டர் அல்லது கம்ப்யூட்டர் மாற்றினீர்களா? சில நிறுவனங்கள் உங்கள் சாதனத்தின் மேக் முகவரியைப் பதிந்து வைத்து, அதை மட்டுமே அனுமதிக்கும். புதிய முகவரியைப் பதியச் சொல்லுங்கள்.

ஐந்தும் சரி என்றால், பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் சர்வரே பழுதாகி இருக்கலாம். பக்கத்து வீட்டிலும் அதே நிறுவனம் என்றால் கேட்டுப் பாருங்கள்.

மூன்று பாஸ்வேர்டுகள்

புதியவர்கள் பெரிதும் குழம்புவது இங்கேதான். வை-பை பாஸ்வேர்ட், உங்கள் போனும் லேப்டாப்பும் ரௌட்டருடன் இணைவதற்கு. ரௌட்டர் பாஸ்வேர்ட், 192.168.1.1 போன்ற முகவரியில் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறப்பதற்கு. பிராட்பேண்ட் பாஸ்வேர்ட், ரௌட்டர் இணைப்பு தரும் நிறுவனத்தில் லாக் இன் செய்வதற்கு. 691 என்பது மூன்றாவதைப் பற்றியது மட்டுமே. ரௌட்டரே டயல் செய்யும் வீடுகளில் இந்த எண் திரையில் தோன்றாது. ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் லாக் இன் தோல்வி என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி இருக்கும்.

இதனால்தான் ரீசெட் பட்டனில் ஊசியை வைத்து அழுத்தக் கூடாது. அழுத்தினால் ரௌட்டரில் பதிந்துள்ள பிராட்பேண்ட் யூசர் நேமும் பாஸ்வேர்டும் அழிந்துவிடலாம். ஐந்து நிமிடக் கோளாறு, ஆள் வரும் வரை இரண்டு நாள் காத்திருப்பாக மாறும். ரௌட்டரை ஆப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் செய்வது வேறு.

லாக் இன் ஆகியும் தளம் திறக்கவில்லையா?

கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பிங் என ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு 8.8.8.8 கொடுத்து என்டர் தட்டவும். பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரில்தான் பிரச்னை. நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 தந்து பார்க்கவும். ரௌட்டருடன் இணைந்துள்ள கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி 169.254 எனத் தொடங்கினால், ரௌட்டரிடம் இருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை. இரண்டுக்கும் இடையேயான கேபிள் அல்லது வை-பையைக் கவனிக்கவும்.

பார்மட் என்று சொன்னால்

உங்கள் மொபைல் போனில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்து, கம்ப்யூட்டரை வை-பை மூலமோ யு.எஸ்.பி. கேபிள் மூலமோ அதனுடன் இணைக்கவும். இணைய தளங்கள் திறந்தால் விண்டோஸில் குறையில்லை, பார்மட் தேவையில்லை. அவசர வேலையையும் இந்த வழியிலேயே முடித்துவிடலாம்.

புகார் செய்ய வேண்டிய போன் எண்ணை உங்கள் பில்லில் இருந்தே எடுங்கள். இணையத்தில் தேடினால் போலி எண்களும் கிடைக்கும். ஓ.டி.பி. கேட்பவரிடமும், திரையைப் பகிரும் ஆப் இறக்கச் சொல்பவரிடமும் பேச்சைத் தொடர வேண்டாம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யவும்.

இன்றே ஒரு தாளில் யூசர் நேம், பிராட்பேண்ட் பாஸ்வேர்ட், நிறுவனத்தின் போன் எண், பிளான் முடியும் தேதி ஆகியவற்றை எழுதி, பில்களோடு பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். இணைப்பு நின்ற பிறகு இவற்றைத் தேடுவது சிரமம்.