போடிநாயக்கனூருக்கு என்ன வாய்பாடு?

போடிநாயக்கனூர் என்ற பெயரை வாய்விட்டு, நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். போ – டிநா – யக் – கனூர். நான்கு துண்டாக விழும். இந்தத் துண்டுக்குத்தான் யாப்பில் அசை என்று பெயர். வெண்பா, ஆசிரியப்பா, விருத்தம் எதுவானாலும் அசையில்தான் தொடங்குகிறது.

அசை இரண்டே வகை: நேர், நிரை. குறிலோ நெடிலோ தனியாக வந்தாலும், ஒற்றோடு வந்தாலும் நேர். குறிலை முதலாகக் கொண்டு இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒலித்தால் நிரை. அதன்பின் ஒற்று வந்தாலும் நிரைதான். 'போ' நெடில், தன் காலில் நிற்கும். 'டி' குறில், அடுத்த 'நா'வோடு சேர்ந்துகொள்ளும். 'யக்' என்பதிலும் குறில்தான் இருக்கிறது. ஆனால் கூட வரும் 'க்' அதை அங்கேயே நிறுத்திவிடுகிறது.

இந்த ஒற்றின் வேலையை ஏலக்காயிலேயே பார்க்கலாம். ஏ – லக் – காய்: நேர் நேர் நேர். 'க்' ஒன்றை எடுத்துவிட்டு 'ஏலகாய்' என்று எழுதிவிட்டால், 'ல' ஓடிப்போய் 'காய்' என்பதோடு சேரும். ஏ – லகாய், நேர் நிரை என்று ஆகிவிடும். மூன்று அசை இரண்டாகிவிட்டது. ஒற்றுப்பிழை வெண்பாவில் ஓசைப்பிழையாகவும் ஆவது இப்படித்தான்.

அசைகள் சேர்ந்தால் சீர். எந்தச் சீர் எது என்று நினைவில் வைக்க நம் முன்னோர் கண்டுபிடித்த வாய்பாடுகள்தான் என்னை எப்போதும் வியக்க வைப்பவை. நேர் நேர் என்றால் தேமா. நிரை நேர் புளிமா. நேர் நிரை கூவிளம். நிரை நிரை கருவிளம். தித்திப்பு மாவும் புளிப்பு மாவும் வில்வமுமாக, எல்லாம் தாவரப் பெயர்கள். அதைவிடப் பெரிய நுட்பம், ஒவ்வொரு பெயரும் தன்னையே அளந்து காட்டுவது. 'தேமா'வைப் பிரித்தால் நேர் நேர்தான் வரும். 'கருவிளம்' நிரை நிரையேதான். தனியாக அட்டவணை தேவையில்லை, பெயரே அளவுகோல். பிங்கலர் மரபில் வந்த வடமொழி யாப்பிலும் இப்படித் தன்னையே அளக்கும் ஒரு நினைவுச் சூத்திரம் உண்டு. அது வெறும் எழுத்துக் கோவை. தமிழில் அது ஒரு தோப்பாகவே வளர்ந்திருக்கிறது.

மூன்றாவது அசை நேராக இருந்தால் காய், நிரையாக இருந்தால் கனி. ஆகவே ஏலக்காய், தேமாங்காய். பக்கத்து ஊரான குரங்கணி, கருவிளம். கொட்டகுடி ஆறும் போடிமெட்டும் கூவிளங்காய். நான்கு அசைக்குப் பூவும் நிழலும் வரும். நேர் நிரை நேர் நிரை என்று நடக்கும் போடிநாயக்கனூருக்கு யாப்பு தரும் வாய்பாடு கூவிளந்தண்ணிழல். ஏலச்செடி நேர்வெயில் தாங்காது, மர நிழலில்தான் விளையும். அந்த ஏலம் கூடி விற்பனையாகும் ஊருக்குத் தண்ணிழல் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் மனம் குளிர்கிறது.

சீர்கள் ஒன்றோடொன்று சேரும் இடம் தளை. வெண்பாவில் மாவுக்குப் பின் நிரை வரவேண்டும், விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின்னும் நேர். மா நேரில் முடிகிறது, உடனே நிரை. விளம் நிரையில் முடிகிறது, உடனே நேர். சந்திப்பில் ஓசை மாறிக்கொண்டே போவதால் காது அலுப்பதில்லை. இடையிடையே காய் வந்து நேரை நேரோடு சேர்த்து நடையை நிதானப்படுத்தும். போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி இடுக்கி எஸ்டேட்டுகளுக்குப் போகும் தொழிலாளர்களை வைத்து நானே ஒன்று கட்டிப் பார்த்தேன்:

ஏலக்காய் வாசம் இறங்கி வருமுன்னே
வேலைக்கு மேலேறும் ஊர்.

தேமாங்காய், தேமா, புளிமா, புளிமாங்காய். தேமாங்காய், தேமாங்காய், கடைசியில் 'ஊர்' ஒற்றை நேரசை, அதற்கு வாய்பாடு 'நாள்'. தளை எங்கும் தட்டவில்லை. ஏலக்காய் – வேலைக்கு, இரண்டாம் எழுத்து லகரம் என்பதால் எதுகை. ஏலக்காய் – இறங்கி மோனை. ஏகாரத்துக்கு இகரம் இன எழுத்து. வேலைக்கு – மேலேறும் என்பதும் மோனைதான். வகரத்துக்கு மகரம் இனம். இதழில் பிறக்கும் அவ்விரண்டு ஒலிகளின் உறவைக் காதால் கண்டுபிடித்து இலக்கணமாக்கியிருக்கிறார்கள். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை இதையெல்லாம் தொகுத்துச் சொல்லிச் சுமார் 1,000 ஆண்டுகள் ஆகின்றன.

போடி மண்ணில் பிறந்து 2017இல் மறைந்த கவிஞர் நா. காமராசன், 'கறுப்பு மலர்கள்' தொகுப்பின் மூலம் புதுக்கவிதைக்குப் பெயர் பெற்றவர். அவரே திரைப்படப் பாடலும் எழுதினார். அங்கே மெட்டுக்குச் சொல் உட்கார வேண்டும்; குறில் நெடில் கணக்கு தப்பினால் பாடகர் வாயில் நிற்காது. யாப்பைத் துறப்பவருக்கும் அந்தக் காது வேண்டும் என்பதே என் கட்சி.

பள்ளியில், இப்படி அசை பிரித்து வாய்பாடு சொல்லும் அலகிடுதல் மதிப்பெண்ணுக்கான மனப்பாடமாகச் சுருங்கிக் கிடக்கிறது. தமிழாசிரியர்களே, பாடநூலைத் திறக்கும் முன் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தங்கள் பெயரையும் ஊரையும் கரும்பலகையில் அசை பிரிக்கச் சொல்லுங்கள். தேனி தேமா, மதுரை புளிமா என்று தொடங்கினால் போதும். மற்றதைப் பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள்.