வெப்ப மண்டல விலங்குக்கு ஒரு வீடு

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்று ஜெர்மனியிலிருந்து ஓர் இயந்திரத்தை வரவழைக்கிறது என்று கொள்வோம். சுங்கத் தாள்கள் சரியாக இருந்தால் அது துறைமுகத்திலிருந்து லாரியில் ஏறி வந்துவிடும். அதற்கான மேடையைப் பிறகுகூடக் கட்டிக்கொள்ளலாம். ஒரகடம் வழியே செல்லும் வாலாஜாபாத் சாலை வண்டலூரில் தொடங்குகிறது. அங்குள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அயல்நாட்டு விலங்கு வரவேண்டுமானால் வரிசை தலைகீழ். முதலில் வீடு, கடைசியில்தான் விருந்தாளி.

1855-இல் சென்னையில் தோன்றிய விலங்குக் காட்சிசாலையே 1985-இல் வண்டலூர்க் காட்டுக்கு இடம் மாறியது. பழைய நாளில் விலங்கு வணிகரிடம் பணம் கொடுத்தால் போதும். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய உடன்படிக்கை 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தானது. 1976-இல் இந்தியாவும் சேர்ந்தது. பட்டியலிலுள்ள விலங்குக்கு அனுப்பும் நாட்டின் அனுமதி தேவை. மிக அரியது எனில் பெறும் நாட்டின் அனுமதியும் தேவை. நமது வனவிலங்குச் சட்டப்படி, 1992-இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இசைந்தாலன்றி எந்தப் பூங்காவும் விலங்கை வாங்கவோ கொடுக்கவோ முடியாது. பிறகு இறக்குமதி உரிமம், கால்நடை மருத்துவச் சான்று, தனிமைக் காப்பு. எனவே தப்பாகக் கட்டிய கூண்டால் ஒரு விலங்கு இறந்தால் மற்றொன்றை எளிதில் வரவழைக்க இயலாது. கணக்கு முதலிலேயே சரியாக இருக்கவேண்டும்.

இங்கேதான் பௌதிகம் நுழைகிறது. ஐரோப்பாவில் வெப்ப மண்டல விலங்குக்குக் கண்ணாடி வீடு கட்டிச் சூடேற்றுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, வெயில்தான் தாராளமாயிற்றே என்று தோன்றும். ஆனால் ஆப்பிரிக்கப் புல்வெளியின் வெயில் உலர்ந்தது; சென்னையின் காற்று ஈரமானது. மூச்சிரைக்கும் விலங்கின் நாவிலிருந்து ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வெளியேறுகிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் ஆவியாதல் குறையும், உடல் குளிராது. அத்தகைய நாளில் நீரைத் தெளிப்பது மட்டும் போதாது. நிழலும் காற்றோட்டமும் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் பூங்காவின் மரங்களை ஏராளமாகச் சாய்த்தபோது, பூங்கா இழந்தது அழகை மட்டுமன்று, குளிர்ச்சியையும்தான்.

ஊர்வனவற்றின் சிக்கல் வேறு. பல்லி, ஆமை போன்றவை உயிர்ச்சத்து டி உண்டாக்கப் புறஊதாக் கதிர் தேவை. சன்னல் கண்ணாடி நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டு, இந்தக் கதிரில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்! பளபளக்கும் கண்ணாடி அறைக்குள் வெளிச்சத்திலேயே எலும்பு நலிய நேரிடும். திறந்த முற்றமோ, தனி விளக்கோ அமைத்தாக வேண்டும்.

கம்பிக்குப் பதில் அகழி அமைக்கும் முறையை 1907-இல் ஹாம்பர்க் அருகே பரவலாக்கியவர் கார்ல் ஹாகன்பெக். அகலம் எவ்வளவு? விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் 45 பாகையில் எம்பும் விலங்கு சமதளத்தில் 64-ஐ 9.8-ஆல் வகுத்த தூரம், அதாவது சுமார் 6.5 மீட்டர் தாண்டும். விலங்கு நிற்கும் கரை மேடாக இருந்தால் தூரம் கூடும். இதற்குமேல் ஒரு பாதுகாப்பு இடைவெளியும் சேர்க்கவேண்டும்.

நோய்க்கு அகழி இல்லை. 2021 ஜூன் 3-இல் வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் கொரோனாத் தொற்றுடன் இறந்தது. நான்கு சிங்கங்களின் மாதிரிகளை ஆராய்ந்த போபால் ஆய்வகம், அப்போது மனிதரிடையே பரவிய டெல்டா வகையே அது என்று கண்டது. தனிமைக் காப்பு விதிகளை வெறும் தாள் தொல்லை என்று சலித்துக்கொள்வோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

என் கருத்தில், இத்தனை பாடுபட்டு அயல்நாட்டு விலங்கைத் தேடுவதைவிட, மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி உலகில் வேறெங்கும் காட்டில் வாழாத சிங்கவால் குரங்குக்கு நல்ல வீடு கட்டுவது மேல். அதுவும் வெப்ப மண்டல விலங்குதான். இறக்குமதி உரிமம் தேவையில்லை. ஆனால் அது மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் வாழ்வது. வண்டலூரோ முட்புதர்க் காடு. உயர்ந்த மரங்களும் அடர்ந்த நிழலும் அதற்கும் முன்கூட்டியே வளர்ந்திருக்கவேண்டும்.