உங்களுக்குத் தெரியுமா? தஞ்சோங் ரம்புத்தானில் மண்வெட்டியும் மருந்துதான்

ஈப்போவுக்குப் பக்கத்தில், தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள மனநல மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது. 1971 முதல் அதன் பெயர் பஹாகியா மருத்துவமனை. மனச்சிதைவுக்கு முதல் நல்ல மருந்தான குளோர்புரோமசின் 1950களில்தான் வந்தது. அதற்கு முன்பே இங்கே நோயாளிகள் காய்கறி பயிரிட்டார்கள். அந்தக் காலத்து மனநல விடுதிகளில் இப்படி வேலை வாங்கியதில் செலவைக் குறைக்கும் கணக்கும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், தினமும் அதே நேரத்தில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு நாளுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. களை எது, கீரைக்கன்று எது என்று பார்த்துப் பிடுங்குவதில் கவனம் கூடுகிறது. ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய நம் மக்களுக்கு இது புரியாத விஷயமா? இந்த ஊர்ப் பெயரைச் சொல்லி ஒருவரைப் பைத்தியம் என்று கேலி செய்யும் பழக்கத்தைத்தான் நாம் விட வேண்டும்.

ஓவியமும் இசையும் இப்படித்தான். இங்கிலாந்தில் காசநோய்க்காகப் படுத்திருந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், 1938இல் படுக்கையிலேயே வரையத் தொடங்கி, பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். பக்கவாதம் வந்தவர்கள் சீரான தாளத்துக்குக் காலெடுத்து வைத்தால் நடை சீராகிறது.

மீண்டும் செடிகளுக்கே வருவோம். சுங்கை பூலோவில் 1930இல் அமைந்த தொழுநோயாளர் குடியிருப்பில் நோயாளிகள் வளர்த்த செடிகள் அவர்களுக்குப் பிழைப்பாகவே ஆயின. அங்கே இன்றும் நாற்றுப்பண்ணைகள் உண்டு.