பைல் போகவில்லை, டிரைவர்தான் இல்லை!

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் செய்யும் முதல் வேலை, பழைய கம்ப்யூட்டரில் உள்ள பைல்களை அதற்கு மாற்றுவதுதான். படங்கள் திறக்கின்றன, பாடல்கள் ஒலிக்கின்றன. ஆனால் கடைக் கணக்கு, உறுப்பினர் பட்டியல் போன்ற டேட்டாபேஸ் பைல் மட்டும் திறக்க மறுக்கும். உடனே "டேட்டா போச்சு" என்று பதறிவிடுகிறோம். அப்படிப் பதறும் முன் செய்ய வேண்டிய ஒரு சிறு சோதனையைப் பார்ப்போம்.

என் மாமா ஊரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். ஸ்டாக், கடன் பாக்கி எல்லாம் எம்டிபி என்று முடியும் ஒரு அக்சஸ் பைலில் இருந்தன. விண்டோஸ் 11 உள்ள லேப்டாப் வாங்கி, கணக்கு புரோகிராமின் புதிய 64 பிட் பதிப்பை இன்ஸ்டால் செய்தார். பைலைத் திறந்தால் பிழைச் செய்திதான் வந்தது. பார்த்த சர்வீஸ்காரர், பைல் கெட்டுவிட்டது, மீட்க 4,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார். இரவு எனக்கு போன் வந்தது. "மாப்ள, 11 வருசப் பாக்கிக் கணக்கு. இனி எதைக் காட்டி நான் பணம் கேட்பேன்?"

திரையில் உள்ளதை வரி மாறாமல் படிக்கச் சொன்னேன். "டேட்டா சோர்ஸ் நேம் நாட் பவுண்ட் அண்ட் நோ டிபால்ட் டிரைவர் ஸ்பெசிபைடு" என்று படித்தார். பைல் கெட்டுவிட்டதாக இதில் ஒரு சொல்கூட இல்லை. டிரைவர் கிடைக்கவில்லை என்றுதான் புரோகிராம் சொல்கிறது.

டிரைவர் என்றவுடன் பிரிண்டர் நினைவுக்கு வரும். இது டேட்டாபேஸ் டிரைவர். புரோகிராமுக்கும் டேட்டா பைலுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கான பொது ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் 1992ல் வெளியிட்டது. ஓப்பன் டேட்டாபேஸ் கனெக்டிவிட்டி என்பது அதன் பெயர், சுருக்கமாக ஓடிபிசி.

உங்கள் கம்ப்யூட்டரில் எந்த டிரைவர்கள் உள்ளன என்று பார்ப்பது எளிது. முதலில் டேட்டா பைலை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்திடுங்கள். பின் ஸ்டார்ட் அழுத்தி, பவர்ஷெல் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். கருப்பு அல்லது நீல நிற விண்டோ ஒன்று திறக்கும். அதில் கெட் என்ற ஆங்கிலச் சொல், ஒரு சிறு இடைக்கோடு, மேலே சொன்ன ஓடிபிசி என்ற நான்கு எழுத்துகள், டிரைவர் என்ற சொல் ஆகியவற்றை இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டவும். விண்டோஸ் 8 முதல் இந்தக் கட்டளை உள்ளது. இது பட்டியலைப் படித்துக் காட்டுமே தவிர எதையும் மாற்றாது. ஆகவே பயம் வேண்டாம்.

ஒவ்வொரு டிரைவருக்கும் நேம், பிளாட்பார்ம் என்ற வரிகள் கிடைக்கும். சில பெயர்கள் ஜெர்மன், போர்த்துகீசிய மொழிகளில் இருக்கும். வைரஸோ என்று எண்ணிவிட வேண்டாம். அவை விண்டோஸுடன் வருபவைதான்.

நாம் கவனிக்க வேண்டியது பிளாட்பார்ம் வரியை. அதில் 32 பிட் அல்லது 64 பிட் என்று இருக்கும். 64 பிட் புரோகிராம் 64 பிட் டிரைவரை மட்டுமே பயன்படுத்தும். 32 பிட் புரோகிராமுக்கு 32 பிட் டிரைவர்தான் வேண்டும். ஒன்றின் டிரைவர் மற்றதன் கண்ணுக்குத் தெரியாது.

மாமாவின் பட்டியலில் அக்சஸ் டிரைவர் இருந்தது. ஆனால் 32 பிட் மட்டுமே! 64 பிட் பிரிவில் எஸ்க்யூஎல் சர்வர் டிரைவர் ஒன்றுதான். இது அவர் லேப்டாப்பின் கோளாறு அல்ல. எம்டிபி பைலுக்கான பழைய ஜெட் எஞ்சினை மைக்ரோசாப்ட் 64 பிட்டில் வெளியிடவே இல்லை.

தீர்வு? 64 பிட் பதிப்பை நீக்கிவிட்டு, அதே புரோகிராமின் 32 பிட் பதிப்பை இன்ஸ்டால் செய்யச் சொன்னேன். 11 வருடக் கணக்கும் அப்படியே திறந்தது. 64 பிட் பதிப்பேதான் வேண்டும் என்பவர்கள், மைக்ரோசாப்டின் அக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின் 64 பிட் பதிப்பை இன்ஸ்டால் செய்திட வேண்டும். ஏற்கனவே 32 பிட் ஆபீஸ் தொகுப்பு இருந்தால் அது இன்ஸ்டால் ஆக மறுக்கும். இதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ட தளங்களில் கிடைக்கும் டிரைவர் அப்டேட்டர்களை மட்டும் தொடாதீர்கள்.

கட்டளை டைப் செய்யத் தயக்கமா? ஸ்டார்ட் அழுத்தி ஓடிபிசி எனத் தேடினால் 32, 64 என இரண்டு ஐகான்கள் தெரியும். ஒவ்வொன்றையும் திறந்து டிரைவர்ஸ் டேபில் பார்க்கலாம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை: சிஸ்டம்32 என்ற போல்டரில் இருப்பது 64 பிட் பதிப்பு. 32 பிட் பதிப்பு இருப்பதோ சிஸ்வாவ்64 என்ற போல்டரில்! பெயரை நம்பி ஏமாறுபவர்களில் அனுபவம் உள்ளவர்களும் உண்டு.

அடுத்த முறை டேட்டாபேஸ் பைல் திறக்கவில்லை என்றால், பிழைச் செய்தியையும் இந்தப் பட்டியலையும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சர்வீஸுக்குக் கொண்டு செல்லலாம். மாமா தன் 4,000 ரூபாயை அப்படித்தான் காப்பாற்றிக்கொண்டார்.