வெள்ளம் வடிந்த பின் வீட்டுச் சுவர்

வெள்ளம் வடிந்ததும் துன்பம் தீர்ந்தது என்று எண்ணுவது மக்கள் இயல்பு. சேற்றை வாரிக் கொட்டித் தரையைக் கழுவி, கறை படிந்த சுவருக்கு ஒரு முறை வெள்ளையும் அடித்துவிட்டால், வீடு பழைய நிலையை அடைந்துவிட்டதாகவே கருதுகிறோம். ஆயினும், சில நாட்களில் அதே சுவரில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. அலமாரியைத் திறந்தால் முடை நாற்றம் வீசுகிறது. இதுவே பூசணம். வெள்ளம் விட்டுச்சென்ற ஈரத்தின் விளைவு இது.

பெங்களூரில் வாழும் தமிழ் மக்களுக்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிக் கொட்டிய மழை நகரில் 131.6 மில்லிமீட்டர் அளவைத் தொட்டது. பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் படகுகளும் டிராக்டர்களும் மக்களை ஏற்றிச் சென்றன. 2024 அக்டோபரில் எலகங்காவிலுள்ள கேந்திரிய விகார் என்னும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பிலும் மீட்புப் படையினர் படகு செலுத்த நேர்ந்தது.

பூசணம் காளான் இனத்தைச் சேர்ந்தது. அதன் நுண்ணிய வித்துக்கள் எக்காலமும் காற்றில் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை அறவே ஒழித்தல் எவராலும் இயலாது. அவை முளைக்க உணவும் ஈரமும் வேண்டும். மரம், காகிதம், பருத்தி, தோல், சுவரில் படிந்த தூசு ஆகிய யாவும் அவற்றுக்கு உணவாகும். ஆகவே உணவை நாம் மறுக்க இயலாது, ஈரத்தை மறுக்கலாம். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் பூசணம் வேரூன்றத் தொடங்கிவிடும். அந்த இரண்டு நாட்களே நமக்குள்ள தவணை.

இங்கே நம்மவர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ நனைந்த பாயையும் படுக்கையையும் மொட்டை மாடியில் விரித்துவிட்டால், பெரும்பாலும் ஒரு பகல் வெயிலே காயவைத்துவிடும். பெங்களூரோ கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மழை மிகும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வானம் மூடியிருக்கும். காற்றும் குளிர்ந்து ஈரம் செறிந்திருக்கும். எனவே வெயிலுக்காகக் காத்திருத்தல் பயன் தராது. காற்றோட்டத்தையே நம்ப வேண்டும்.

வீட்டினுள் நுழையுமுன் மின்சாரத்தின் தலைமை இணைப்பைத் துண்டித்து, மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் முதற்கடமை. பின்னர், எதையும் அகற்றுமுன் சேதத்தைத் தேதியுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்போர் முன்பணத்தைத் திரும்பப் பெறும்போதும், காப்பீடு கோரும்போதும் அப்படங்கள் சான்றாகும். அதன்பின் நீரை வெளியேற்றி, கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து அரை அடியேனும் விலக்கி வையுங்கள். மழை ஓய்ந்த பிற்பகலில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்து மின்விசிறியைச் சுழலவிடுங்கள். மழை தொடங்கினால் மூடிவிடுங்கள். பூசணம் முன்னரே படர்ந்திருப்பின், அதை நீக்கும் வரை விசிறியை இயக்கலாகாது. அது வித்துக்களை வீடெங்கும் பரப்பிவிடும்.

எவற்றைக் காப்பது, எவற்றைக் கைவிடுவது என்பது மனத்தை வருத்தும் வினா. சாக்கடை கலந்த நீரில் ஊறிய பஞ்சு மெத்தை, நுரை மெத்தை, உப்பிய பிளைவுட் பலகை ஆகியவற்றைத் துறப்பதே நலம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால் போதும். சான்றிதழ்கள், பத்திரங்கள், புத்தகங்கள் ஆகியவற்றின் தாள்களுக்கிடையே வெள்ளைத் தாளைச் செருகி, அது நனைய நனைய மாற்றிவர வேண்டும். இரண்டு நாட்களுக்குள் உலர்த்த இயலாதவற்றைப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைக்கலாம். உறைகுளிர் பூசணத்தைக் கொல்லாது. ஆயின் வளர்ச்சியை நிறுத்தும். பின்னர்ச் சிறிது சிறிதாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். 1966 நவம்பரில் ஆர்னோ நதி பெருகி, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துத் தேசிய நூலகத்தில் எண்ணற்ற நூல்கள் சேற்றில் மூழ்கின. நூல்களைக் காக்கும் கலை அந்தப் பேரிடருக்குப் பின்னரே பெரிதும் வளர்ந்தது.

சுவரில் வெண்மையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணமன்று; ஒரு சொட்டு நீர் விட்டதும் கரைந்துவிட்டால் அது வெறும் உப்பு. பூசணமாயின் உலர்ந்த துணியால் தட்டாமல், முதலில் ஈரமாக்கிச் சோப்பு நீரால் தேய்த்தெடுக்க வேண்டும். கையுறையும் என்-95 முகக்கவசமும் அவசியம். பிளீச்சிங் பவுடரைத் தெளித்துக் கறையை வெளுக்கச் செய்வது போதாது. இறந்த பூசணமும் ஒவ்வாமை விளைவிக்கும், ஆதலால் அதை அகற்றியே ஆகவேண்டும். பிளீச்சிங் பவுடருடன் அம்மோனியாவையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ கலந்தால் நச்சு வாயு உண்டாகும், ஒருபோதும் கலக்காதீர்கள்.

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்கு மூச்சுக்குழல் நோய்களும் ஆஸ்துமாவும் மிகும் அபாயம் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் கூறியுள்ளது. குழந்தைகளும் ஆஸ்துமா உடையோரும் துப்புரவு முடியும்வரை வேறிடத்தில் தங்குவது நல்லது.

இறுதியாக வெள்ளையடிக்கும் காலம். புரட்டாசியில் வெள்ளம் புகுந்த வீட்டிற்கு ஐப்பசித் தீபாவளிக்குள் வண்ணம் பூசிவிட வேண்டுமென்று நம்மில் பலர் விரைகிறோம். செங்கற்சுவர் உட்புறம் உலரப் பல வாரங்கள் ஆகும். ஈரச் சுவரின்மேல் எண்ணெய் வண்ணத்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, வண்ணம் கொப்புளித்து உரியும்; பூசணமும் மீளும். ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்புகளையும் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் நீர் அரும்பியிருந்தால் சுவர் இன்னும் காயவில்லை என்று பொருள். பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது நம் முன்னோர் வழக்கம். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை சொற்பமாதலால், அவ்வழக்கம் இவ்வூருக்கும் பொருந்தும். தீபாவளிக்குச் சுவர் கறையோடு இருந்தாலும் குறையில்லை; உலரட்டும் என விட்டுவைத்து, தையை முன்னிட்டு வண்ணம் பூசுங்கள். வீட்டு உரிமையாளரிடமும் இதையே எடுத்துக்கூறுங்கள்.